ஒரு நீளமான சிவப்புத் துணி

அம்மா லேசில் கதவு திறக்க மாட்டார். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் கதவில், வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தது. யாராவது தட்டினால் அம்மா முதலில் அடுப்பைக் குறைப்பார், பிறகு ரேடியோவைக் குறைப்பார், பிறகு சத்தமில்லாமல் வந்து அந்தத் துவாரத்தில் கண்ணை வைப்பார். நிற்பது பக்கத்து வீட்டு அன்ரி என்று தெரிந்த பிறகும் உடனே திறப்பதில்லை.

"என்னத்துக்கு வந்திருக்கிறா எண்டு தெரியேல்லை," என்று என் காதுக்குள் சொல்வார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தமிழ்க் கடையில் யாராவது என்னிடம் "ஊரில எவடம்?" என்று கேட்டால், "நீங்கள் எவடம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் யாழ்ப்பாணப் பட்டினம் என்றால் நான் வேறு ஏதாவது ஊர் சொல்லிவிட்டு வெண்டிக்காயைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எங்கள் வீட்டைத் தெரிந்தவர்கள்தான் எங்கள் வீட்டை உடைத்தவர்கள் என்பது எங்கள் இருவருடைய முடிவு. அவர்களில் நாலு பேராவது ரொறன்ரோவுக்கு வந்திருக்க மாட்டார்களா என்ன?

அந்த வீடு யாழ்ப்பாணக் கோட்டையின் அகழியிலிருந்து கூப்பிடுதூரத்தில், ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்தது. தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது ஆமியும் பொலிசும் கோட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். பெடியள், அதாவது இயக்கத்துப் பொடியன்கள், மதிலைச் சுற்றி வளைத்து நின்றார்கள். வளைத்து நிற்பவர்களைக் கலைக்க வானத்திலிருந்து குண்டு போட்டார்கள், கோட்டைக்குள்ளிருந்து ஷெல் அடித்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் இது நடந்தது. குண்டு யாரையும் விசாரித்துவிட்டு விழவில்லை. முதல் வாரத்திலேயே எங்கள் ஒழுங்கை காலியாகிவிட்டது.

நானும் அம்மாவும் இரண்டு பையோடு பட்டினத்துக்கு வெளியே கிராமப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். அப்பா வரவில்லை. முன்பொரு சண்டையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கதவுகள், ஜன்னல்கள், கிணற்றுக் கப்பி எல்லாம் போயிருந்தன. எடுத்தது ஆமியா அயலவரா என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பா புதிதாக முதிரை மரக் கதவு செய்வித்துப் போட்டிருந்தார். "உந்தக் கதவையும் கழட்டிக்கொண்டு போக விடமாட்டன்," என்று சொல்லிவிட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் குறைந்தவர்களில்லை.

அப்பா நல்ல உயரம். எந்தப் போர்வையைப் போர்த்தாலும் அவருடைய பாதங்கள் இரண்டும் வெளியே நிற்கும். நுளம்பு கடித்துக் காலையில் சொறிந்துகொண்டிருப்பார். "இந்த மனுசனை மூடுறதுக்குப் பாய்மரச் சீலைதான் வேணும்," என்று அம்மா பகிடி பண்ணுவார்.

ஒரு மாதம் கழித்துச் சைக்கிளில் வந்த ஒருவர் அப்பாவின் துண்டுக் கடிதம் ஒன்றைத் தந்தார். முன்கதவைக் கழற்றிப் பங்கர் குழிக்கு மேலே போட்டு மண் மூட்டை அடுக்கியிருப்பதாகவும், யோசிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கதவைக் காக்க நின்ற மனிதர் கதவைக் கழற்றிவிட்டார் என்று அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அடுத்த செய்தி கடிதமாக வரவில்லை. காலையில் கிணற்றடிக்குப் போனபோது ஷெல் விழுந்தது என்றும், வீட்டு வளவுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள் என்றும் வாய்வழியாக வந்தது. யார் புதைத்தார்கள் என்று வந்தவருக்குத் தெரியவில்லை.

ஆமி கோட்டையை விட்டுப் போன பிறகுதான் நாங்கள் போய்ப் பார்க்க முடிந்தது. பாதிக் கூரை இல்லை. கிணற்றுக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது. உள்ளே அறையில் அம்மாவின் றங்குப்பெட்டி பூட்டு உடைக்கப்பட்டுக் கிடந்தது. சுற்றிலும் துணிமணிகள் இறைந்து கிடந்தன. கூறை மட்டும் இல்லை.

கூறை என்பது கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து பெண்ணை உடுத்த வைக்கும் சேலை. அம்மாவுடையது சிவப்பு, பச்சைக் கரை, கரையில் சரிகையில் வரிசையாக மாங்காய்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி புருசனுக்கு முந்திப் போனால் அந்தக் கூறையைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். அம்மா அதற்காகவே முப்பத்தைந்து வருடம் அதை வேப்பிலை வைத்துப் பாதுகாத்தார். வருடத்துக்கு ஒருமுறை நிழலில் காயப்போட்டு எடுக்கும்போது, "இதோடை போய்ச்சேர வேணும், அவ்வளவுதான் எனக்கு," என்பார். அப்பா, "அவசரப்படாதை," என்பார்.

அன்று அம்மா முதலில் மண்மேட்டடியில் இருந்து அழுதார். பிறகு பெட்டியடியில் இருந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "புதைச்சவங்கள்தான் எடுத்தவங்கள்," என்றார். செத்த மனிதனுக்கு ஒரு குழி வெட்டிய கூலியாக அவன் பெண்சாதியின் கூறையைக் கொண்டுபோனவர்களை நானும் அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன்.

அடுத்த வருடம் நான் கனடாவுக்கு வந்தேன், பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்ததும் ஸ்காபரோக் கலியாண மண்டபங்களில் துப்புத் துலக்கத் தொடங்கினார். அப்பா முந்திவிட்டதால் வழக்கப்படி அது இனித் தனக்கில்லை என்றாலும், அதோடுதான் போக வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. யார் அழைத்தாலும் போவார். பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் அவர் பார்ப்பதில்லை. வந்திருக்கும் வயதான பெண்களின் சேலைக் கரையைப் பார்ப்பார். பழைய சிவப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் என் கையை நுள்ளுவார். "உங்கை பார், அந்த மனுசியின்ரை கரையை. மாங்காய் மாதிரிக் கிடக்கு." ஒருமுறை ஒரு அன்ரிக்குப் பக்கத்தில் போய் இருந்து, சேலை நல்ல வடிவு என்று சொல்லி, முந்தானையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். அந்த அன்ரி பிறகு எங்களோடு பேசுவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் முந்தானையைத் திருப்பியபோது நானும் எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் வந்த புதிதில், அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கும் ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார். குசினி மேசையில் தட்டச்சு மெஷினை வைத்துக்கொண்டு, "அப்பா செத்ததை விரிவாச் சொல்லுங்கோ தங்கச்சி, உதுதான் கேஸ்," என்றார். நான் கதவைக் கழற்றிப் பங்கருக்குப் போட்டதைச் சொன்னேன், கிணற்றடியைச் சொன்னேன், வளவுக்குள் புதைத்ததைச் சொன்னேன். கூறையைப் பற்றிச் சொல்லவில்லை. அது கனடாக்காரருக்குச் சொல்லும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. என் கேஸ் வென்றது. பிறகுதான், அவர் ஒருவருடைய கதையை இன்னொருவருக்கும் எழுதிக் கொடுக்கிறாராம் என்று பேச்சு வந்தது. அவரிடம் போய்க் கேட்டேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "எல்லாற்றை கதையும் ஒரே மாதிரித்தானே, தங்கச்சி," என்றார்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்பதால் எனக்கு அந்த அகதிக் கேஸ் விசாரணைகளிலேயே இன்டர்பிரிட்டர் வேலை கிடைத்தது. கென்னடி ஸ்டேஷனில் சப்வே ஏறி டவுன்டவுனுக்குப் போய், ஜன்னலில்லாத ஒரு அறையில், கேஸ்காரருக்கும், தீர்ப்புச் சொல்லும் மெம்பர்களுக்கும் நடுவில் உட்கார வேண்டும். சத்தியம் செய்துதான் தொடங்குவோம். சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேஸ்காரரோடு வெளியில் கதைக்கக் கூடாது. அவரைத் தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேசை நடுவில் ஒரு டேப் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அறையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகிப்பார்கள். மெம்பருக்குக் கேஸ்காரர்மேல் சந்தேகம். கேஸ்காரருக்கு என்மேல் சந்தேகம், இவள் எந்தப் பக்கத்து ஆளோ, வெளியில் போய் என்ன சொல்வாளோ என்று. எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். அதனால்தான் அந்த வேலை எனக்கு நன்றாகச் சரிவந்தது என்று நினைக்கிறேன்.

தலைமை மெம்பர்களில் ஒருவர் நரைத்த தாடிக்காரர். எங்கள் ஆட்களின் கேஸ்களை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எங்கள் பழக்கவழக்கங்களை ஒரு கறுப்புக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். செத்தவீட்டு எட்டுச் செலவு எத்தனையாம் நாள், தாலி எந்த மாதிரி, யார் யாரை மச்சான் என்பது, எல்லாம் அதில் இருக்கும். யாராவது பிசகிச் சொன்னால் கொப்பியைத் திருப்புவார். நான் சொல்லப்போகும் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்புதான் ஒரு பெண், தன் தாயைக் கூறை போர்த்தித் தகனம் செய்ததாகச் சொன்னாள். அவர் அதென்ன என்று கேட்டார். அவள் விளக்கினாள், நான் மொழிபெயர்த்தேன். புருசனுக்கு முந்திச் சாகிறவளுக்கு அது என்பதை அவர் எழுதிக் கீழே கோடு போட்டதை நானே பார்த்தேன்.

அவர் முன்னால்தான், ஒரு மாசி மாதக் காலையில், அவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கோட்டுக் கை அவனுக்கு நீளம், யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் அவனுடைய படிவத்தை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. தாய் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நோயில் இறந்தார். தகப்பனும் அவனும் கோட்டைக்கு அருகே ஒரு ஒழுங்கையில் இருந்தார்கள். முற்றுகையின்போது தகப்பன் வீட்டை விட்டுப் போக மறுத்தார். முன்கதவைக் கழற்றிப் பங்கருக்கு மேல் போட்டார்.

அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். கிணற்றடி வந்தது. ஷெல் வந்தது. வளவுக்குள் புதைத்தது வந்தது. என் அப்பாவை எனக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிஸ்கட் தட்டுக்காரரின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது. இவனுடைய கழுத்தையும்தான். இந்தக் கதை எனக்குத் தெரியும் என்று அந்த நேரமே தலைமை மெம்பரிடம் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் அதுதான். நான் சொல்லவில்லை. திருடன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

டேப் ஓடத் தொடங்கியது. தாடிக்காரர் அவனுடைய தகப்பனின் சாவைப் பற்றிக் கேட்டார். படிவத்தில் உள்ளதையே அவன் சொன்னான். நான் ஒரு சொல் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன், தன் அப்பாவைப் பிறத்தியார் பேருக்கு எழுதிக் கொடுப்பவள் போல. பிறகு அவர், ஏன் எரிக்கவில்லை, நீங்கள் இந்துக்கள் அல்லவா என்று கேட்டார்.

"நெருப்பு வைச்சாப் புகையைப் பாத்து ஹெலி வரும் ஐயா. அதாலைதான் புதைச்சது," என்றான்.

அது என் படிவத்தில் இல்லை. நான் மொழிபெயர்த்தேன். யார் யார் சேர்ந்து புதைத்தீர்கள் என்று கேட்டார்.

"நானும், ஒழுங்கையுக்கை நிண்ட வேறை ரெண்டு பேரும்."

அதையும் மொழிபெயர்த்தேன். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைக்குள் யார் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவைத் தவிர, துவக்கு வைத்திருந்தவர்கள்தான் நின்றார்கள். இவன் பிள்ளையுமில்லை, அயலவனுமில்லை. கோட்டையைச் சுற்றி வளைத்து நின்ற பெடியளில் ஒருவன். அதை மறைக்கத்தான் இவனுக்கு ஒரு தகப்பன் தேவைப்பட்டிருக்கிறார். தான் புதைத்த ஒரு மனிதரைப் பற்றி இவன் சொல்ல, பிஸ்கட் தட்டுக்காரர் அதை என் கதையோடு பொருத்தி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் இந்த நாடு அவனை உள்ளே விடாது. எங்கள் தலையில் குண்டு விழ ஒரு காரணமாக நின்றவன், எங்கள் வீட்டுச் சாவையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்குள் எரிந்தது.

உடலை எப்படிப் புதைத்தீர்கள், சடங்கு ஏதாவது செய்தீர்களா என்று தாடிக்காரர் கேட்டார். கறுப்புக் கொப்பி திறந்திருந்தது.

அவன் மேசையைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்வது போலில்லாமல் சொன்னான். "சடங்கு ஒண்டும் செய்யேலாது. முதல் அவற்றை வேட்டியாலை மூடினம். ஆள் நல்ல உயரம். தலையை மூடினாக் கால் ரெண்டும் வெளியிலை தெரிஞ்சுது. அப்பிடியே மண்ணைப் போட எங்களுக்கு மனம் வரேல்லை. வீட்டுக்குள்ளை போய் றங்குப்பெட்டியை உடைச்சுப் பாத்தம். உள்ளுக்கை ஒரு கூறை கிடந்தது. நல்ல நீளம். அதாலை கால் தலை எல்லாம் சுத்தி மூடிப்போட்டுப் புதைச்சம்."

சொல்லி முடித்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தாய் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே, புருசன் உயிரோடிருக்கப் போய்விட்டாள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்படியானால் அவளுடைய கூறை அவளோடு போயிருக்க வேண்டும். பெட்டிக்குள் எப்படி வந்தது? எங்கள் ஆட்களில் எந்தப் பிள்ளையும் தன் தாய் விஷயத்தில் இப்படிப் பிழை விடாது. பிறத்தியார் வீட்டுச் சாவைத் தன்னுடையதாகச் சொல்பவன்தான் விடுவான். நான் கலியாணச் சேலை என்று சரியாகச் சொன்னால் போதும். தாடிக்காரர் கோடு போட்ட பக்கத்துக்குத் திரும்புவார், பிறகு படிவத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்புவார். இவன் அடுத்த மாதம் கொழும்பில் இறங்குவான். இறங்கினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நாலு வருடமாக நான் தேடிய ஆள் என் கையெட்டும் தூரத்தில், இரவல் கோட்டோடு இருந்தான். ஒரு சொல்தான்.

ஆனால் எனக்கு அப்பாவின் பாதங்கள்தான் தெரிந்தன. நுளம்பு கடித்த தழும்போடு, வேட்டிக்கு வெளியே. அதைப் பார்த்து, தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, மனம் பொறுக்காமல் வீட்டுக்குள் ஓடியவனை நான் என்ன செய்வது?

"இன்டர்பிரிட்டர்?" என்றார் தாடிக்காரர்.

வேட்டியைச் சொன்னேன். உயரத்தைச் சொன்னேன், கால்களைச் சொன்னேன், பெட்டியை உடைத்ததைச் சொன்னேன். உள்ளே ஒரு நீளமான சிவப்புத் துணி இருந்தது, அதால் முழுவதையும் சுற்றி மூடினார்கள் என்று சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் சிவப்பு என்று சொல்லவேயில்லை. ஒரு சொல்லைக் குறைக்கப்போய், என்னை அறியாமல் ஒரு சொல்லைக் கூட்டியும்விட்டேன். டேப் இரண்டையும் பதிந்துகொண்டு ஓடியது. அவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை விரித்து என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு விசாரணை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே அவன் எலிவேட்டர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா," என்று மட்டும் கூப்பிட்டான். நான் படியால் இறங்கிப் போய்விட்டேன். சட்டம் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துபோனேன். மாதக்கணக்காக ஒவ்வொரு முறை டெலிபோன் அடித்தபோதும், டேப்பை யாரோ கேட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு என்ன முடிவு வந்தது என்பதும் எனக்குத் தெரியவரவில்லை. மொழிபெயர்த்தவளுக்கு அதை அறிவிப்பதில்லை.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் யார், எவர், எங்கே இருக்கிறான் என்று துளைத்தெடுப்பார். அந்த வருட ஆவணி மாதத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். பகல் நேரம், மண்டபம் நிறைந்திருந்தது. தாலி கட்டி முடிந்ததும் அம்மா வழக்கம்போல என் கையை நுள்ளினார்.

"மூண்டாவது வரிசை. நரைச்ச கொண்டை. அந்தக் கரையை வடிவாப் பார்."

"அம்மா, விடுங்கோ," என்றேன். "உங்கடை கூறையை ஒருத்தரும் கொண்டு போகேல்லை. அது அப்பாவோடை கிடக்கு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். துவாரத்தில் கண் வைத்துப் பார்க்கும் அதே பார்வை.

"ஆர் சொன்னது?"

"அதைக் கேக்காதேங்கோ. புதைச்சவை முதல் வேட்டியாலை மூடினவையாம். கால் ரெண்டும் வெளியிலை தெரிஞ்சுதாம். அதுக்குத்தான் பெட்டியை உடைச்சவை."

மேளச் சத்தம் நின்று, ஆட்கள் அறுகரிசி போட வரிசையில் எழும்பிப் போனார்கள். எங்கள் வரிசை காலியாகியது. அம்மா எழும்பவில்லை.

"கூறை நீளந்தானே," என்றார். "கால் மூடுப்பட்டிருக்குமே?"

"ஓம், மூடுப்பட்டதாம்."

"நீ பாத்தனியோ?"

"இல்லை."

"பிறகென்னெண்டு தெரியும்?"

"சொன்ன ஆளை நான் நம்பிறன், அம்மா."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு பேசி வருடக்கணக்காகியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது. அம்மா மூன்றாவது வரிசைப் பெண்ணின் கரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணவறையில் பொம்பிளை கூறையோடு நிற்க, ஒவ்வொருவராக வாழ்த்திவிட்டு இறங்கினார்கள்.

"அது என்னை மூடுறதுக்கு வைச்சதெல்லோ," என்றார் அம்மா. கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தைக் கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப இனி என்னை என்னத்தாலை மூடுவியள்?"